320 மரமும் ஒழுகும் வால்வும்: என் அக்காவின் கேஸ்

அக்காவுக்கு ஏதோ சரியில்லை என்பதை முதலில் கவனித்தவர் அவள் பால் வெட்டுகிற ரப்பர் தோட்டத்தின் முதலாளி. உடம்பைப் பற்றியெல்லாம் அவர் கேட்கவில்லை. "பால் குறையுதே, கத்தியத் தீட்டலியா?" என்றுதான் கேட்டார். 2023 செப்டம்பர் அது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, அதனால் எல்லாரும் பழியை மழை மேல் போட்டுவிட்டோம்.

குலசேகரம் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடிவதற்கு முன்னும் விடிந்து கொஞ்ச நேரமும்தான். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கிற நீரழுத்தம் குறையும், பாலும் குறையும். அக்காவுக்கு 320 மரம், ஒன்றுவிட்ட ஒரு நாள் வெட்டு. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நாலரை மணிக்கு முதல் மரத்தில் கத்தி வைத்தால் ஏழரைக்குக் கடைசி மரம் முடியும், இருபது வருஷமாக அப்படித்தான். அந்த செப்டம்பரில் கடைசி மரத்துக்கு வரும்போது மணி 9 ஆகியிருக்கிறது. கடைசி நூறு மரத்தின் சிரட்டைகளில் பாதிப் பால்தான். கத்தி நன்றாகத்தான் இருந்தது, கத்தி பிடித்தவளுக்குத்தான் மேடு ஏற முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 19 வருஷமாக நிற்கிறவன். மருந்துப் பேரெல்லாம் தெரியும், அந்தத் தெரிதலால் வந்த கெடுதலும் இந்தக் கேஸில் இருக்கிறது, கீழே வரும். அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேரும் ஊரும் வேண்டாம், மத்ததெல்லாம் எழுதிக்கோ" என்றாள்.

பழைய கதை

அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது என்பது எங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. 2016-இல், அவளுக்கு 43 வயதிருக்கும்போது, பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு முன்னால் ஃபிட்னஸ் பார்த்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. அப்புறம் அக்குள் பக்கம் நகர்த்தி வைத்துக் கேட்டார். "சின்ன வயசுல மூட்டு வலி வந்துதா?" என்று கேட்டார். வந்தது. பதினோரு வயதில் ஒரு முழங்கால் வீங்கி, அது குறைவதற்குள் கணுக்காலுக்குப் போய், அங்கிருந்து முழங்கைக்குப் போனது. காய்ச்சல் இருந்தது, அதற்குச் சில வாரம் முன்னால் தொண்டை வலியும் இருந்ததாக அம்மா சொன்ன ஞாபகம். வீட்டில் வாதம் என்று எண்ணெய் தடவினார்கள், ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது.

சரியானது மூட்டு மட்டும்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியை விட்டுவிட்டுத் தன் மூட்டையும் இதயத்தையும் தாக்குவதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்கு ஒரு பழைய வாசகமே சொல்லித் தருவார்கள். கடித்த தழும்பு இறுகி வால்வு கெட்டுப்போக இருபது முப்பது வருஷம்கூட ஆகலாம். அக்காவுக்கு அதுதான் நடந்திருக்கிறது.

இதயத்தின் இடது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இரண்டு இதழ் வைத்த கதவு மாதிரி இருப்பது மைட்ரல் வால்வு. கீழறை சுருங்கி ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும்போது அது இறுக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் ஒரு பங்கு ரத்தம் மேலறைக்கே திரும்பும், அங்கிருந்து அழுத்தம் நுரையீரலுக்கு ஏறும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு போனால் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்குமே, அதே கதைதான். அக்காவுக்கு இதழ்கள் தடித்து ஓரம் ஒட்டிப்போனதால் சரியாக மூடவும் இல்லை, முழுசாகத் திறக்கவும் இல்லை. சாதாரணமாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வால்வு அவளுக்கு 1.8 தான் திறக்கும். ஒழுக்கு நடுத்தரம், அடைப்பு லேசு என்று அன்றைக்கு எழுதினார்கள்.

பெனிசிலின் ஊசி வேண்டாமா என்று கேட்டேன், பக்கத்து வீட்டுப் பையன் 21 நாளுக்கு ஒரு தடவை அதைப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருந்ததால். அந்த ஊசி திரும்பவும் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் இருப்பதற்கு, அந்த ஆபத்து சிறு வயதில்தான் அதிகம், வால்வு கெட்டவர்களுக்குப் பொதுவாக 40 வயது வரைக்குமாவது போடுவார்கள், அக்கா அதைத் தாண்டிவிட்டாள் என்றார். "வருஷம் ஒரு எக்கோ", அதாவது இதயத்தை எடுக்கிற ஸ்கேன், என்று சொல்லி அனுப்பினார். இரண்டு வருஷம் போனோம். 2019-இல் மகள் கல்யாணம், 2020-இல் கொரோனா, அப்புறம் யாருக்கும் ஞாபகம் இல்லை. நான்கு வருஷ இடைவெளி. இதில் குற்றவாளி யாரும் இல்லை, ஆனால் நான் மருந்துக் கடையில் நிற்கிறவன் என்பதால் கொஞ்சம் என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

தொந்தரவுகளும் தப்பான பதில்களும்

மேட்டில் ஏறினால் மூச்சு முட்டு. ராத்திரி படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் நிற்கும், ஒரு தலையணை இரண்டானது. சாயங்காலம் செருப்பு வார் பதிந்து காலில் பள்ளம். ஓய்ச்சல், "கையில பெலமே இல்லடே" என்பாள். எப்போதாவது சொல்லாமல் கொள்ளாமல் நெஞ்சு படபடப்பு. "உள்ள மீன் கெடந்து துள்ளுத மாதிரி இருக்கு" என்பாள். இதுபோக இடது மார்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிற குத்து வலி.

இதற்கெல்லாம் எங்களுக்குக் கிடைத்த பதில்களைச் சொன்னால் ஒரு பேருந்து நிலையமே நிறையும். வாயு என்றார்கள், தீட்டு நிற்கிற வயசு என்றார்கள், ராத்திரி இருமலுக்கு ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், ஐந்து வாரம் உறிஞ்சினாள். கேஸ் மாத்திரை? அது நானே கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தது. பத்து நாள். இரண்டு தலையணை என்று அவள் சொன்ன அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். படுத்தால் மோசமாகி உட்கார்ந்தால் தணிகிற மூச்சும் இருமலும் நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளமாக இருக்கலாம் என்பது கவுண்டரில் நிற்கிற எவனுக்கும் தெரியும்.

இரண்டு எக்கோ, இரண்டு பதில்

அக்டோபரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ எடுத்தோம். அன்றைக்குக் கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை, இரண்டு மாடி ஏறினாள், வியர்த்துப்போய் நின்றவளை உடனே படுக்க வைத்து எடுத்தார்கள். பிரஷர் 170/100. ரிப்போர்ட்: ஒழுக்கு தீவிரம். வீட்டில் அழுகை, ஆபரேஷனுக்கு எந்த நிலத்தை ஒத்திக்கு வைப்பது என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. நான்கு வாரம் கழித்து நாகர்கோவிலில் வேறொரு இடத்தில் எடுத்தபோது, அரை மணி நேரம் உட்கார வைத்து, பிரஷர் 124/80 இருக்கும்போது எடுத்தார்கள். ஒழுக்கு நடுத்தரம்.

யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்க ஒரு மாதம் ஆனது. மைட்ரல் ஒழுக்கு குழாயில் அடித்த ஓட்டை மாதிரி எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. உடம்பின் பிரஷர் எகிறினால் ரத்தம் முன்னால் போகக் கஷ்டப்பட்டுப் பின்னால் அதிகமாகத் திரும்பும், அதனால் அன்றைக்கு எடுக்கிற படத்தில் ஒழுக்கு பெரிதாகத் தெரியும். போதாததற்கு முதல் ரிப்போர்ட்டில் திரையில் தெரிந்த வண்ணப் பரப்பைப் பார்த்து மதிப்பிட்ட ஒரு வரி மட்டும்தான் இருந்தது, அளவு ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒழுகும் தாரையின் கழுத்து 5 மில்லிமீட்டர் என்று அளந்து எழுதியிருந்தார்கள். தீவிரம் என்று சொல்ல அது 7-ஆவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு துடிப்புக்குத் திரும்புகிற ரத்தம் 60 மில்லியாவது இருக்க வேண்டும். அதனால் இப்போது எக்கோவுக்குப் போனால் முதலில் பிரஷர் பார்த்து அதை ரிப்போர்ட்டிலேயே எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைப்பார்கள், எழுதித் தருவார்கள்.

இன்னொரு எண் எங்களை ஏமாற்றியது. ஈ.எஃப்., அதாவது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு பங்கு வெளியே தள்ளப்படுகிறது என்கிற கணக்கு, 68 சதவீதம் என்று போட்டிருந்தது, இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்று மகிழ்ந்தோம். ஆனால் அந்த 68-இல் பின்னால் திரும்பிப் போகிற ரத்தமும் சேர்த்தி. மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, எத்தனை குடம் மேலே போய்ச் சேர்ந்தது என்பதை அந்த எண் சொல்லாது. மைட்ரல் ஒழுக்கு உள்ளவர்களுக்கு ஈ.எஃப். 60-க்குக் கீழே வந்தாலே தசை தளர ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். சுருங்கி முடித்த நிலையில் கீழறையின் அகலம் 40 மில்லிமீட்டரைத் தொட்டாலும் அப்படியே. அக்காவுக்கு அது 36.

ஒழுக்கு நடுத்தரம் என்றால் நடுத்தர ஒழுக்குக்கு இவ்வளவு ஓய்ச்சல் எதற்கு? அங்கே மறுபடி முட்டிக்கொண்டு நின்றோம். நீர் பிரிக்கிற மாத்திரையும், துடிப்பைக் குறைக்கிற மெட்டோப்ரோலாலும் ஆரம்பித்தார்கள். ராத்திரி இருமல் நாலே நாளில் நின்றது, இன்ஹேலரைத் தூக்கிப் போட்டோம். மற்றதெல்லாம் அப்படியே.

"தம்பி கொஞ்சம் வெளிய இருங்க"

டிசம்பரில் நாங்கள் போன டாக்டர் ஒரு அம்மா, அறுபதை ஒட்டிய வயது. நான் ஃபைலை விரித்து வைத்து வழக்கம்போல ஆரம்பித்தேன். எப்போது மூச்சு முட்டும், எத்தனை தலையணை, என்ன மாத்திரை, எல்லாம் நான்தான் சொல்வேன், அக்கா தலையாட்டுவாள். வீட்டில் ஒரு நோட்டும் போட்டிருந்தேன்: தேதி, மூச்சு முட்டு உண்டா இல்லையா, கால் வீக்கம் உண்டா இல்லையா. அந்த அம்மா நோட்டைப் பத்து நிமிஷம் பார்த்தார், வேறு யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கால் வீக்கத்தில் விரலை வைத்து, "இது என்ன, ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை, திரும்ப உண்டு?" என்றார். நான் ஏதோ விளக்கம் சொல்லப் போனேன். "தம்பி கொஞ்சம் வெளிய இருங்க."

இருபது நிமிஷம் வெளியே இருந்தேன். கதவு திறந்தபோது இரண்டு விஷயம் வெளியே வந்தது. ஒன்று, வெட்டு உள்ள நாளில் அக்கா நீர் மாத்திரையைப் போடுவதே இல்லை. காலையில் அதைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் மணிக்கு இரண்டு தடவை ஒதுங்க வேண்டும், சரிவில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களிலும் ஆண்கள் வெட்டிக்கொண்டிருப்பார்கள், எங்கே ஒதுங்குவாள்? மாத்திரை போடாத நாளில் வீக்கம், போட்ட நாளில் இல்லை. என் நோட்டில் வாரக்கணக்கில் எழுத்தில் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இரண்டாவது, பத்து மாதமாக அவளுக்கு மாதவிடாய் ரத்தப்போக்கு மிக அதிகம். சில மாதம் பத்து நாள், கட்டி கட்டியாக. யாரிடமும் சொல்லவில்லை. எந்த டாக்டரிடம் போனாலும் பக்கத்து நாற்காலியில் தம்பி. தம்பியை வைத்துக்கொண்டு எந்த அக்கா அதைச் சொல்வாள்? எங்கள் வீட்டில் சொல்ல மாட்டாள். துணைக்குப் போகிறேன் என்று போன நான் அவள் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹீமோகுளோபின் 8.4. இரும்புச் சேமிப்பு கிட்டத்தட்ட காலி. ரத்தத்தில் சிவப்பணு குறைந்தால் இதயம் அதை ஈடுகட்ட வேகமாகவும் அதிகமாகவும் அடிக்க வேண்டியிருக்கும். நல்ல வால்வு உள்ளவருக்கே மூச்சு வாங்கும், ஒழுகுகிற வால்வோடு அடிக்கிற இதயத்துக்கு அது இரட்டைச் சுமை. இந்த ஒரு சோதனையை, எந்த மூலையிலும் சில நூறு ரூபாய்க்குள் எடுக்கிற சோதனையை, அதுவரை யாரும் எழுதவில்லை. வால்வு ஒழுக்கு என்று ஃபைலின் முதல் பக்கத்தில் இருந்ததால் எல்லாரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். தைராய்டும் அன்றைக்கே பார்த்தார், அது சரியாக இருந்தது. விரலால் தொட்டுக் காட்டுகிற குத்து வலியை அவர் அமுக்கிப் பார்த்து, அமுக்கினால் வலிக்கிறது, இது விலா எலும்புச் சந்து, கத்தி பிடிக்கிற கையின் வேலை என்று அங்கேயே முடித்துவிட்டார்.

அப்புறம் நோட்டை மாற்றச் சொன்னார். "மூச்சு முட்டுதான்னு எழுதாதீங்க. எத்தனாவது மரத்துல மொத தடவ நின்னாங்கன்னு எழுதுங்க." வால்வு நோய்க்காரர்களிடம் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டால் இல்லை என்பார்களாம், ஏனென்றால் மூச்சு முட்டாத அளவுக்குத் தங்கள் வேலையை அவர்களே தெரியாமல் குறைத்திருப்பார்கள். நடையைக் குறைப்பார்கள், மாடியை விடுவார்கள், வயசாச்சு என்பார்கள். பெரிய ஊர்களில் இதைக் கண்டுபிடிக்க டிரெட்மில்லில் ஓட விடுகிறார்கள். அக்காவுக்கு 320 மரம் உள்ள சரிவு இருக்கிறது, அதைவிட நல்ல டிரெட்மில் எது?

மர எண்ணிக்கை

டிசம்பர் மூன்றாம் வாரம்: 38-வது மரத்தில் முதல் நிற்றல். இரும்பு ஊசியை நரம்பில் ஐந்து தவணையாக ஏற்றினார்கள். மாத்திரையாகத் தந்தால் வயிறு ஒத்துழைக்கவில்லை, அதோடு பழங்கஞ்சிக்கும் கருவாட்டுக்கும் பின்னால் அவள் குடிக்கிற கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ, இரும்பைச் சேரவிடாது. நீர் மாத்திரை நேரத்தைப் பகல் 11 மணிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த வீக்கம் போயே போய்விட்டது. கருவாட்டையும் உப்பு மாங்காயையும் வாரம் ஒரு நாள் என்று ஆக்கியதும் உதவியது. கருவாட்டை முழுசாக நிறுத்து என்று சொன்னால் குமரி மாவட்டத்தில் யாரும் கேட்கப்போவதில்லை, டாக்டருக்கும் அது தெரியும்.

ஜனவரியில் மகப்பேறு டாக்டர் ஸ்கேன் பார்த்துக் கர்ப்பப்பைச் சுவரில் ஒரு சின்னக் கட்டி என்றார். 45-க்கு மேல் இப்படிப் போனால் சும்மா விடக்கூடாது என்று உள்சவ்வில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. ரத்தப்போக்குக்கு ஹார்மோன் மாத்திரை.

ஜனவரி கடைசியில் 70-வது மரம். அப்புறம் இலையுதிர்ந்து வெட்டு நின்றது, நோட்டில் இரண்டு மாதம் வெறும் தாள். ஏப்ரலில் ஹீமோகுளோபின் 11.8, முதல் நிற்றல் 115-வது மரத்தில். வீட்டில் பாயசம் வைக்காத குறை. மே மாதம் 118, 120, 117. அதற்கு மேல் ஏறவில்லை. ரத்தம் ஏறிவிட்டது, எண் அங்கேயே நிற்கிறது, அப்படியானால் மீதி 200 மரம் எங்கே? சோகை தன் பங்கை எடுத்துக்கொண்டு போனபிறகு மிச்சம் இருந்தது வால்வின் பங்கு. எனக்கு இந்த மூன்று எண் எந்த ஸ்கேனையும்விட தெளிவாகச் சொன்னது.

ஆனால் நோட்டில் இன்னொன்று இருந்தது. மாதத்தில் மூன்று நாலு நாள் எண் திடீரென்று 20, 15 என்று விழும். அந்த நாள்களில் "மீன்" என்று அக்கா தன் கையால் எழுதியிருந்தாள்.

மீன் பிடித்தது

இந்த மீனைப் பிடிக்க ஆறு மாதம் ஆனது. ஈ.சி.ஜி. எடுத்தால் நார்மல். துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்கிற ஹோல்டர் என்கிற கருவியை 24 மணி நேரம் கட்டிவிட்டார்கள், அன்றைக்கு மீன் துள்ளவில்லை. துள்ளும்போது ஓடி வாருங்கள் என்றார்கள், ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். டாக்டர் அம்மா அக்காவுக்குத் தன் மணிக்கட்டில் தானே நாடி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். வேகமா என்று பார்க்க வேண்டாம், தாளம் ஒழுங்கா, ஒழுங்கில்லையா, அதை மட்டும் பாருங்கள் என்றார். ஜூன் மாதம் ஒரு காலை தோட்டத்திலேயே உட்கார்ந்து நாடி பிடித்துவிட்டு எனக்குப் போன் அடித்தாள். "தாளமே இல்லடே, சிங்காரி மேளக்காரன் குடிச்சிட்டு அடிச்ச மாதிரி அடிக்கு." மகன் பைக்கில் ஏற்றி நேராக ஈ.சி.ஜி. உள்ள இடத்துக்குக் கொண்டுபோனான். துடிப்பு 142, ஒழுங்கில்லாதது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்குவது.

வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கி மேலறை வீங்கிப்போனால் இது வரும். அக்காவுக்கு இது இரண்டு மடங்கு கஷ்டம், ஏனென்றால் அவள் வால்வு கொஞ்சம் அடைப்பும் உள்ளது. அடைப்புள்ள வால்வு வழியாக ரத்தம் கீழறைக்கு இறங்க நேரம் வேண்டும், துடிப்பு 140 ஆனால் அந்த நேரம் கிடைக்காது, ரத்தம் பின்னால் தேங்கி உடனே மூச்சு முட்டும். நடுங்குகிற அறையில் ரத்தம் உறையவும் செய்யும், உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஆகவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. இங்கேதான் இந்தக் கேஸின் முடிச்சு விழுந்தது. கத்தி பிடித்து வேலை செய்கிறவள். ரத்தப்போக்கால் சோகையாகி இப்போதுதான் மீண்டவள். அவளுக்கு ரத்தம் உறையாத மாத்திரை! கொடுக்காவிட்டால் பக்கவாதம், கொடுத்தால் திரும்ப 8.4. ஒரு வாரம் டாக்டர்கள் இருவரும் தங்களுக்குள் போனில் பேசிக்கொண்டார்கள், இதற்கு நான் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன், பெரும்பாலும் நோயாளிதான் இரண்டு டாக்டருக்கு நடுவில் கடிதம் சுமப்பார். முடிவு, ஹார்மோன் சுரக்கிற காப்பர்-டி மாதிரியான ஒரு சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டு மாத்திரையை ஆரம்பிப்பது. நாலைந்து மாதத்தில் போக்கு சொட்டளவுக்குக் குறைந்துவிட்டது.

ரத்தச் சோதனை தேவைப்படாத புது வகை மாத்திரைகள் எங்கள் கடையிலேயே இருக்கிறது, அதைத் தரக்கூடாதா என்று கேட்டேன். ருமாட்டிக் வால்வோடு வரும் இந்தத் துடிப்புக் கோளாறுக்குப் பழைய வார்பரின் வகைதான் நல்லது என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியிருக்கிறது, புது வகையில் ஒன்றான ரிவரோக்சபானோடு ஒப்பிட்டுப் பார்த்தே சொன்னார்கள் என்றார் டாக்டர் அம்மா. எனக்குத் தெரியாது. 19 வருஷம் கவுண்டர்.

அதனால் இப்போது மாதம் ஒரு தடவை ஐ.என்.ஆர். சோதனை, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற எண், அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். முருங்கைக்கீரை சாப்பிடலாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் தினமும் ஒரு வாரம் ஒன்றுமில்லை என்றால் எண் ஆடும். முழங்கால் வலிக்கு அவள் வாங்கிப் போடுகிற மாத்திரை நின்றது, அது ரத்தக்கசிவையும் கூட்டும், நீரையும் தேக்கும். கத்தி பட்டால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும், தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரி. பல் மட்டும் தவறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், ஈறிலிருந்து ரத்தத்துக்குள் போகிற கிருமி கெட்ட வால்வில் போய் உட்கார இடம் தேடும். ஒரு தடவை பல் டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதிவிட்டார், அது வார்பரின் வகையோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறும். சீட்டைப் பார்த்ததும் பிடித்துவிட்டேன், போன் செய்து மாற்றினோம். இந்த நோயில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது

துடிப்பு அடங்கியபிறகு 150, 160-வது மரம் வரை நிற்காமல் போகிறாள். 320-ஐ விட்டுவிட்டாள். 180 அவளுக்கு, மீதியை மகன் வெட்டுகிறான். முதலாளி முதலில் முனகினார், அப்புறம் மகனுக்கு அவளைவிட நேராகப் பட்டை சீவத் தெரியவில்லை என்று அவளையே தேடுகிறார்.

2025-இல் எடுத்த எக்கோவில் ஈ.எஃப். 63, கீழறை 38 மில்லிமீட்டர். 40-க்கு இரண்டு பாக்கி. திருவனந்தபுரத்தில் போய்க் கருத்துக் கேட்டோம். பலூன் வைத்து வால்வை விரிக்கிற வழி அவளுக்கு ஆகாது, ஒழுக்கு உள்ள வால்வை விரித்தால் ஒழுக்கு கூடும். சரிசெய்வதா மாற்றுவதா என்றால், ருமாட்டிக் தழும்பு விழுந்த இதழைத் தைத்துச் சரிசெய்வது கஷ்டம், மாற்ற வேண்டி வரலாம் என்றார்கள். உலோக வால்வு ஆயுசுக்கும் வரும், ஆனால் மாத்திரையும் ஆயுசுக்கும். திசு வால்வு பத்துப் பதினைந்து வருஷத்தில் தேயும். "மாத்திர எப்பிடியும் போடத்தானே போறேன், பொறவு என்ன, இரும்பே வைக்கட்டும்" என்று அக்கா சொன்னாள். நம் பக்கத்து சமாச்சாரம் ஒன்றையும் அவளிடம் சொன்னேன்: அதே திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாக்கிய இந்திய உலோக வால்வை 1990 டிசம்பர் 6-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள், அதற்கு அப்புறம் ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்தாகிவிட்டது. "பொருத்தினா உள்ள டிக் டிக்னு கேக்குமாமே, ராத்திரி தூக்கம் வருமா?" என்பதுதான் அவள் கேட்ட ஒரே கேள்வி. கேட்கும், பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த எக்கோ ஆறு மாதத்தில். அக்காவோடு அவள் மகள் உள்ளே போவாள். நான் ஃபைலையும் சோற்றுப் பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் இருப்பேன். நோட்டை இப்போது முழுக்க அவளே எழுதுகிறாள், கடைசிக் கட்டம் ஒன்றை மட்டும் தாளை மடித்து மறைத்துவிட்டுத்தான் என்னிடம் தருவாள்.